பதினொன்றால் வகுபடும் பற்கள்

வக்கீலின் வாயில் நீச்சல் வாத்தியாரின் பல் செட் உட்காரவில்லை. எப்படி உட்காரும்? வக்கீலுக்கு ஒடுங்கிய தாடை, நீச்சல் வாத்தியாருக்கு அகன்ற தாடை. திங்கட்கிழமை வாதாட வேண்டிய மனிதர் வெறும் ஈறோடு நாற்காலியில் சாய்ந்து கிடக்க, பல் டாக்டர் போனில் கத்திய கத்தல் பல் செய்யும் லேப்பின் கவுண்டரைத் தாண்டி உள்ளே பீங்கான் அடுப்பு வரைக்கும் கேட்டது.

முதலாளியம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், மன்னிப்புக் கேட்டார், போனை வைத்தார். பிறகு கவுண்டருக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார்.

அவளை லேப்பில் எல்லோரும் நோட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வயதில் எந்த நேரமும் கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. அன்றன்று நடந்தது, தான் செய்த தப்பு, செய்திருக்கலாமோ என்று சந்தேகப்படும் தப்பு எல்லாம் அதில் தேதியோடு ஏறிவிடும். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்துப் பார்த்ததையும் எழுதி வைக்கிற ரகம்.

"நீ கொண்டு வந்த முறைதானே இது?" என்றார் முதலாளியம்மா. "ஒன்பதை வெச்சு சோதிச்சா தப்பே வராதுன்னு சொன்னியே."

"சொன்னேன்மா."

"நாலு நாள்கூடத் தாங்கலையே."

அந்த லேப்புக்கு நோயாளிகள் வருவதில்லை. ஊரிலுள்ள பல் டாக்டர்கள் வாய்க்குள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இங்கே அந்த அச்சில் பிளாஸ்டர் மாவை ஊற்றி, தாடையை அப்படியே வார்த்து, அதன் மேல் பல்லைக் கட்டி, மெருகேற்றி, பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஒரு நாளைக்கு இருபத்தைந்து வாய். டாக்டர்களின் கையெழுத்தில் பெயரைப் படிக்க முடியாது என்பதால், நான்கு இலக்க எண் ஒன்றுதான் இங்கே ஆளுக்குப் பெயர், முகம், முகவரி எல்லாம்.

பல்லைப் பொறுத்தவரை அவர்களைக் குறை சொல்ல ஆளில்லை. பதினெட்டு வருஷத்தில் இந்த லேப்பின் பல்லைப் போட்டுக்கொண்டு சிரித்தவரைப் பார்த்து, அது வைத்த பல் என்று பெற்ற தாய்கூடச் சொன்னதில்லை. ஒரு முன்பல்லுக்கு நான்கு வகை வெள்ளை கலப்பவர் பீங்கான் அண்ணன். பீடி குடிப்பவருக்குச் செய்தால் ஓரத்தில் லேசாகக் கறைகூட ஏற்றுவார். அப்படிப்பட்ட பல் அடுத்தவன் வாய்க்குப் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

தப்பு நடக்கும் இடமும் எல்லோருக்கும் தெரியும். எண்ணைக் கையால் நான்கு இடத்தில் எழுத வேண்டும்: கவுண்டரில் சீட்டில், மாவு அறையில் ஈர பிளாஸ்டரின் அடியில், பீங்கான் மேசையில் தட்டின் மேல், கடைசியில் பெட்டியில். பிளாஸ்டர் ஊற்றுகிற மாவு மாமா இரண்டு கையிலும் அச்சுகளை ஏந்திக்கொண்டு போவார். சீட்டைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் அதைப் படித்துவிட்டு, எண்ணை வாய்க்குள் முணுமுணுத்தபடியே தொட்டிக்கு நடப்பார். நடுவில் யாராவது "மாமா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் போதும். பதினெட்டு எண்பத்தொன்றாகிவிடும். வக்கீலின் 4718 நீச்சல் வாத்தியாரின் 4781 ஆனது அப்படித்தான்.

"ரெண்டு வாரம் தர்றேன்" என்றார் முதலாளியம்மா. "இன்னும் ஒரே ஒரு செட் மாறி வெளிய போச்சுன்னா கவுண்டருக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நீ மாவு ரூமுக்குப் போயிடு. உன்னை வேலையை விட்டு அனுப்ப மாட்டேன், பயப்படாத."

பயப்படாதே என்று அவர் சொன்ன இடத்தில்தான் அவளுக்குப் பகீரென்றது. மாவு அறையில் வேலை முடிய இரவு எட்டாகும். அவளுடைய மாலை வகுப்பு ஆறரைக்கு. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள், ஐந்து வருஷம் கழித்து மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கவுண்டர் போனால் வகுப்பும் போகும்.

"வகுப்புல படிச்சதையெல்லாம் பல்லு மேல பரீட்சை பண்ணா இப்படித்தான்" என்று உள்ளேயிருந்து பீங்கான் அண்ணன் குரல் கொடுத்தார்.  அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் அன்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. காலைச் சாப்பாடு முடிந்ததும் அம்மா ஜன்னலோரம் தையல் மெஷினைத் திறந்து உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் ஒருவரின் திரைச்சீலைக்கு மடிப்பு வைக்கிற வேலை. மகள் தரையில் துணி வெட்டுகிற பலகையை இழுத்துப் போட்டு நோட்டை விரித்தாள். எட்டு மாதத்தில் லேப்பில் நடந்த எண் தப்புகள் மொத்தம் பதினான்கு. எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தாள், சரியான எண் இந்தப் பக்கம், தப்பான எண் அந்தப் பக்கம். ஐந்தில் ஏதோ ஓர் இலக்கம் வேறாகியிருந்தது. மீதி ஒன்பதில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருந்தன.

வேறு வழி தெரியாமல், இடம் மாறியவற்றில் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துப் பார்த்தாள். 4781இல் 4718 போக 63. 3952இல் 3592 போக 360. 8246இல் 2846 போக 5400. மூன்றாவதை எழுதும்போதே கை நின்றுவிட்டது. எல்லாம் ஒன்பதால் வகுபட்டன. மீதி ஆறையும் கழித்தாள். அவையும் அப்படியே.

"ஐயோ" என்றாள், மெதுவாக.

"ஊசி குத்திடுச்சா?" என்றாள் அம்மா திரும்பாமலே.

"இல்லம்மா. பாலுக்குப் பூனையைக் காவல் வெச்சிருக்கேன்."

அவள் கொண்டு வந்த முறை இதுதான்: எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதால் வகுத்து வரும் மீதியைக் கடைசியில் எழுதுவது. பெருக்கலைச் சரிபார்க்க வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. ஆனால் 4718ஐக் கூட்டினாலும் இருபது, 4781ஐக் கூட்டினாலும் இருபது. இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டல் மாறுமா? எந்தத் தப்பு அதிகம் நடக்கிறதோ, அதே தப்புக்கு ஒன்பது கண்ணை மூடிக்கொள்கிறது.

அப்படியானால் கண்ணை மூடாத எண் எது? அவள் இரண்டிலிருந்து வரிசையாக ஆரம்பித்தாள். பக்கத்து இலக்கங்கள் மாறினால் வரும் வித்தியாசம் ஒன்பது, பதினெட்டு, இருபத்தேழு என்று எண்பத்தொன்று வரை போகும். அதற்குப் பின்னால் பூஜ்யம் சேரலாம், அவ்வளவுதான். ஓர் இலக்கம் மட்டும் தப்பினால் ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஏதோ ஒன்று, அதற்கும் பின்னால் பூஜ்யங்கள். இவற்றில் எதையுமே வகுக்காத எண் வேண்டும். இரண்டு, மூன்று, நான்கு ஒவ்வொன்றாக விழுந்தன. ஏழின் மேல் நம்பிக்கை வைத்திருந்தாள். அதுவும் அறுபத்து மூன்றில் விழுந்தது. பத்து வந்த வேகத்தில் போனது.

பதினொன்று விழவில்லை.

விழாததை அவள் நம்பவில்லை. மறுபடி எழுதினாள். ஒன்பது, பதினெட்டு, இருபத்தேழு, முப்பத்தாறு... எதிலும் பதினொன்று நுழையவில்லை. வேறு தாளில் இன்னொரு தரம் போட்டுப் பார்த்தாள். அப்போதும் நின்றது. காவலுக்கு ஏற்ற எண்களிலேயே ஆகச் சின்னது அதுதான்.

பிறகு அந்த எண்ணைச் சும்மா விட மனம் வரவில்லை. பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் 121. மறுபடி பெருக்கினால் 1331. மறுபடியும் 14641. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுபோல் நிற்கிற எண்கள். அதைப் பார்த்து, முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கும் நான்கு இலக்க எண்களை எழுதினாள்: 2442, 7007, 5885. ஒன்றுவிடாமல் பதினொன்றால் வகுபட்டன. ஊரிலேயே ஒழுங்கான குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டது போல் அவளுக்கு ஒரு பெருமை வந்தது. அதைத் தான் பெற்றது போல.

"அம்மா, ஒரு நாலு இலக்க எண் தர்றேன். என்னை ஏமாத்திப் பாரு."

அம்மா மிதிப்பதை நிறுத்தினாள். ஏமாற்று என்று யாரும் அவளிடம் இதுவரை கேட்டதில்லை. ஆசையாகச் சாக்கட்டியை எடுத்தாள்.

மகள் 2948 என்று பலகையில் எழுதினாள். "இது பதினொண்ணால வகுபடும். எப்படித் தெரியும்னா, ஒண்ணாவதையும் மூணாவதையும் கூட்டு. ரெண்டும் நாலும் ஆறு. ரெண்டாவதையும் நாலாவதையும் கூட்டு. ஒன்பதும் எட்டும் பதினேழு. ரெண்டு கூட்டலும் ஒண்ணா இருக்கணும், இல்லைன்னா வித்தியாசம் சரியா பதினொண்ணு இருக்கணும். இப்ப மாத்தி எழுது."

அம்மா கடைசி இரண்டை மாற்றினாள். 2984. பத்து, பதின்மூன்று. பிடிபட்டது. எட்டை அழித்து மூன்று ஆக்கினாள். பிடிபட்டது. நடு இரண்டை மாற்றினாள், முதல் இரண்டை மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சிறிது நேரம் பலகையை முறைத்துவிட்டு, முதல் இலக்கத்தையும் மூன்றாவதையும் தூக்கி இடம் மாற்றி வைத்தாள். 4928.

நான்கும் இரண்டும் ஆறு. ஒன்பதும் எட்டும் பதினேழு. வித்தியாசம் பதினொன்று.

"என்னடி, இது தப்பிச்சிடுச்சு" என்றாள் அம்மா வெற்றியோடு. மகளின் முகத்தைப் பார்த்ததும் வெற்றி அடங்கிவிட்டது. "ஏன், பெரிய ஓட்டையா?"

மகள் பதினான்கு தப்புகளையும் விரல் வைத்துப் பார்த்தாள். ஒன்றை விட்டு ஒன்று தாண்டி மாறியது ஒன்றுகூட இல்லை. மாமாவின் வாயில் எண் வழுக்குவதெல்லாம் பக்கத்து இலக்கத்துக்குத்தான். "இதுவரைக்கும் அப்படி நடக்கலை. ஆனா நடக்கலாம்."

"வாசல் வழியா வர்ற திருடனுக்குத்தான்டி பூட்டு. கூரையைப் பிரிக்கிறவன் வந்தா அப்பப் பாத்துக்கலாம்." அம்மா மறுபடி மெஷினை மிதித்தாள். "ஆனா ஓட்டையைக் கண்டுபிடிச்சது நான்தான்னு அந்த நோட்டுல எழுதிடு. கிழமையோட."

எழுதினாள், கிழமையோடு.

திங்கட்கிழமை காலை முதலாளியம்மா முன்னால் எல்லோரும் நின்றார்கள். இனிமேல் எண்ணுக்குப் பின்னால் வாலெல்லாம் கிடையாது என்று அவள் சொன்னாள். எண்களையே பதினொன்றின் மடங்காகக் கொடுப்பாள். 1001, 1012, 1023, 1034 என்று பதினொன்று பதினொன்றாகத் தாவும். நான்கு இலக்கத்தில் அப்படி எண்ணூற்றுப் பத்தொன்பது எண்கள் உண்டு. நாளைக்கு இருபத்தைந்து என்றால் ஒரு மாதத்துக்கு மேல் வரும். அதற்குள் பழைய வேலையெல்லாம் முடிந்து வெளியே போயிருக்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். எண்ணை எழுதுகிற ஒவ்வொருவரும் எழுதியதும் கூட்டிப் பார்க்க வேண்டும். பொருந்தவில்லையென்றால் வேலையைத் தொடக்கூடாது. அம்மா கண்டுபிடித்த ஓட்டையையும் மறைக்காமல் சொன்னாள்.

"நடுவுல பத்துப் பத்துப் பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு உன் வரிசை" என்றார் பீங்கான் அண்ணன். "அந்தப் பத்தையும் யார் கட்டறது?"

"அந்தப் பத்தும் காலியா இருக்கறதாலதாண்ணே தப்பு தெரியும். தப்பா எழுதினா அந்தக் காலி இடத்துலதான் போய் விழும். அந்த எண்ணுக்கு ஆளே இருக்க மாட்டாங்க. வேற யார் வாய்க்கும் போகாது."

அண்ணன் கையிலிருந்த தூரிகையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.  மாவு மாமா முகமோ சுண்டிப் போயிருந்தது. முழங்கை வரை வெள்ளையாக, கண்ணாடியிலும் மாவுத் துளி தெறித்து, நாலாம் வகுப்போடு நின்ற மனிதர்.

"கூட்டல் எனக்கு மெதுவாத்தான் வரும் பாப்பா."

"மெதுவா வந்தா போதும் மாமா. மாவு இறுகறதுக்குள்ள வந்துடுமில்ல?"

"மாவு இறுக எட்டு நிமிஷம். அதுக்குள்ள நான் வீட்டுக்கே போய்ட்டு வந்துடுவேன்" என்றார் மாமா. முதலாளியம்மாவே சிரித்துவிட்டார்.

முதல் வாரம் வியாழக்கிழமை மாமாதான் முதலில் பிடித்தார். தொட்டியிலிருந்து, "இது சேரலை, இது சேரலை" என்று சத்தம் வந்தது. அவரே 2134ஐ 2143 என்று பிளாஸ்டரில் கீறியிருந்தார். தன் தப்பைத் தானே பிடித்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று சாயங்காலம்வரை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் தொட்டிக்கு நடக்கும்போது எண்ணை முணுமுணுப்பதில்லை. கூட்டலை முணுமுணுத்தார். யாராவது சாப்பிட்டாச்சா என்றால், "பதினொண்ணு முடியட்டும்" என்பார்.

இரண்டாவது வாரம் பீங்கான் அண்ணன் ஒரு மதியம் கவுண்டருக்கு வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "தட்டுல ஒண்ணு தப்பா எழுதிட்டேன். திருத்திட்டேன். அதையும் எழுதணுமா?" என்றார்.

"எழுதணும்ணே."

"என் பேரைப் போடுவியா?"

"எல்லார் பேரும் போட்டிருக்கேன்."

"சரி. திருத்தினதும் நான்தான்னு போடு."

கடைசிச் சனிக்கிழமை. மூன்று மணிக்கு ஒரே நேரத்தில் நான்கு டாக்டர்களிடமிருந்து பை வந்தது. அவள் சீட்டுகளை எழுதி மேசையில் வைத்தாள். சற்று நேரத்தில் மாவு மாமா இரண்டு கையிலும் அச்சைப் பிடித்தபடியே கவுண்டருக்குத் திரும்பி வந்து நின்றார். மேசையில் இருந்த சீட்டை முகவாயால் காட்டினார்.

"பாப்பா, இதுக்கு மாவு ஊத்த மாட்டேன்."

சீட்டில் 4628. நான்கும் இரண்டும் ஆறு, ஆறும் எட்டும் பதினான்கு. அவள் பதிவேட்டைத் திறந்தாள். அங்கே 4268 என்று சரியாக இருந்தது. சீட்டில் இருந்தது அவளுடைய கையெழுத்து.

எட்டு மாதமாக மற்றவர்களின் எண் தப்பைக் குறித்தவளுக்குக் காது சுட்டது. இரண்டு வாரம் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

மாமா குரலைத் தாழ்த்தினார். "கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுது. நீ சொல்லாட்டி நானும் சொல்லலை. இது என் வாய்லேர்ந்து வழுக்கினதா இருந்துட்டுப் போகட்டும்."

அந்த நல்ல மனதுக்கு முன்னால் ஒரு நொடி அவள் தடுமாறியது உண்மை. ஆறரை மணி வகுப்பு ஞாபகம் வந்தது. பெஞ்சும் கரும்பலகையும், பதினாறு வயதிலேயே படித்திருக்க வேண்டிய பாடங்களும் கண்முன் வந்தன. ஆனால் பதினொன்று நேர்மையாகப் பிடித்ததை அவள் மறைத்தால், அப்புறம் அந்த எண்ணை எந்த முகத்தோடு நம்பச் சொல்வது? புதுச் சீட்டு எழுதி, கூட்டிப் பார்த்து, மாமாவிடம் காட்டினாள். பழைய சீட்டைக் கிழிக்காமல் நோட்டில் ஒட்டினாள். பக்கத்தில் எழுதினாள்: தப்பு எழுதியது, நான். பிடித்தது, மாவு மாமா.

ஆறு மணிக்கு முதலாளியம்மா நோட்டைக் கேட்டார். நின்றுகொண்டே படித்தார். இரண்டு வாரத்தில் ஆறு தப்பு. மாமாவுடையது மூன்று, பீங்கான் அண்ணனுடையது இரண்டு, கடைசி ஒன்று அவளுடையது. அந்தச் சீட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதை எதுக்கு ஒட்டி வெச்சே?"

"நான் எழுதினதுமா. எண் தப்புன்னா மத்தவங்கதான் பண்றாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்."

உள்ளே மெருகு மெஷினை யாரோ நிறுத்தினார்கள். பீங்கான் அண்ணன் வாசற்படியில் வந்து நின்றார். அவர் ஏதோ கேலி செய்யப் போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொத்தம் ஆறும்மா" என்றார் அவர். "ஆறும் உள்ளேயே பிடிபட்டுடுச்சு. போன எட்டு மாசத்துல பதினாலு. அதுல ஒண்ணையாவது நாம பிடிச்சோமா? டாக்டருங்க சொல்லித்தான் தெரிஞ்சுது."

"எனக்குக் கணக்குத் தெரியும்ப்பா" என்றார் முதலாளியம்மா. நோட்டை மூடி அவளிடம் நீட்டினார். "செட் மாறி வெளிய போனாத்தானே மாவு ரூம்னு சொன்னேன்? முந்நூறு செட் போயிருக்கு, ஒண்ணும் மாறலை. கவுண்டர் உன்னோடதுதான். மணி ஆறாச்சு, வகுப்புக்குக் கிளம்பு."

அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. முந்நூறு என்பதைப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும் என்றுதான் தோன்றியது. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டாகக்கூட இருக்கலாம். பையைத் தோளில் மாட்டும்போது போன் அடித்தது. முதலாளியம்மா எடுத்தார். வக்கீலின் டாக்டர்தான். திங்கட்கிழமை வேறொரு பெரிய செட்டுக்கு அச்சு அனுப்பப் போகிறாராம், இந்தத் தடவையாவது சரியான வாய்க்கு வருமா என்று கேட்டார்.

முதலாளியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு குரலில் அவர் போனில் பேசி யாரும் கேட்டதில்லை. "டாக்டர், பதினொண்ணால வகுபடாத பல்லு எங்க லேப்லேர்ந்து வெளிய வராது. சந்தேகம்னா பெட்டி வந்ததும் நீங்களே வகுத்துப் பாத்துக்கலாம். எப்படின்னா... இருங்க, கண்டுபிடிச்ச பொண்ணு இங்கதான் இருக்கா. அவகிட்டயே கேளுங்க."

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் அவள் ரிசீவரை வாங்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வணக்கம் டாக்டர். முதல்ல, ஒண்ணாவது இலக்கத்தையும் மூணாவதையும் கூட்டுங்க..."

அவள் மூச்சு வாங்குவதற்குள், தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மாவு மாமா உள்ளேயிருந்து பலமாகச் சொன்னார். "அடுத்தது ரெண்டாவதையும் நாலாவதையும். அவரை மெதுவாக் கூட்டச் சொல்லு பாப்பா, அவசரமே இல்லை."